பென்சில் பிடித்த கை டேப்லெட்டுக்குப் பழகும் வழி

கடதாசியில் அழகாக வரைகிற ஒருவர், கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகையான டேப்லெட்டில் முதல் கோட்டைப் போட்டதும் முகம் வாடிப்போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்துச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்த பிள்ளைகள், அச்சுக்கடையில் கல்யாண அட்டை வடிவமைக்கும் பெடியன்கள், தன் பிள்ளைக்காகக் கதைப்படம் வரையத் தொடங்கி அதையே தொழிலாக்க நினைக்கும் ஒரு தாய் என்று பலர் வருகிறார்கள். டேப்லெட்டைத் தொட்ட அன்று எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: "ரீச்சர், என்ர கை எனக்கே சொல்வழி கேக்குதில்லை."

கை ஒன்றையும் மறக்கவில்லை. கடதாசியில் பென்சில் முனையைக் கண் நேரே பார்க்கிறது. டேப்லெட்டில் கை மேசையில் இருக்கிறது, கோடு எதிரே திரையில் விழுகிறது. மாறியது அந்த ஒன்றுதான். உங்கள் அளவறிவு, நிழல் பற்றிய அறிவு, ஒரு வளைவை எங்கே நிறுத்த வேண்டும் என்ற தீர்மானம் எல்லாம் அப்படியே உங்களிடம் இருக்கின்றன. கண்ணும் கையும் புது இடத்தில் சந்திக்கப் பழக, தினமும் கொஞ்ச நேரம் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் போதும்.

அந்த வாரங்களில் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். புதுக் கருவியில் புதுப் பொருளை வரையக்கூடாது. நூறு தடவை வரைந்து கைக்கு மனப்பாடமான ஒன்றை எடுங்கள். எனக்கு அது எங்கள் ஊர்க் கடற்கரையான டச்சுக்குடாவில் மணலில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்கள். ஒரு மாணவனுக்குத் திருகோணமலைக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்கள். கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வரும் ஒரு மாணவிக்கு அவளுடைய உம்மாவின் தையல் மெசின். என்ன வரைவது என்ற யோசனை இல்லாவிட்டால், கை எப்படிப் போகிறது என்பதை மட்டும் கவனிக்கலாம். வரைந்தது பிழைத்தாலும், பிழை அறிவில் இல்லை, பழக்கத்தில்தான் என்று உடனே தெரிந்துவிடும்.

வாங்கும் முன்

திரை இல்லாத டேப்லெட், திரை உள்ள டேப்லெட் என்று இரண்டு வகை. திரை உள்ளதில் படத்தின் மேலேயே வரையலாம் என்பதால் பழகுவது சுலபம். ஆனால் விலை பல மடங்கு. தொடங்குகிறவருக்குத் திரை இல்லாததே போதும் என்பது என் கருத்து. வாகொம், ஹூயான், எக்ஸ்பி-பென் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் பரவாயில்லை. பெட்டியில் 8192 அழுத்த நிலை (பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பிரித்தறியும் படிகள்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 4096 உள்ளதும் 2048 உள்ளதும் உங்கள் கைக்கு ஒன்றாகத்தான் தெரியும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

காசைக் கொடுக்க வேண்டியது அளவுக்கு. சிறிய டேப்லெட்டில் வரையும் பரப்பு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் அகலம். 15.6 அங்குல லப்டொப் திரையின் அகலம் ஏறத்தாழ 34.5 சென்ரிமீற்றர். அதாவது கை ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தால் திரையில் கோடு இரண்டுக்கும் மேலே ஓடும். கடதாசியில் பழகிய கைக்கு இது பெரிய குழப்பம், ஏனென்றால் ஒவ்வொரு நடுக்கமும் இரண்டு மடங்காகித் தெரியும். 25 க்கு 16 சென்ரிமீற்றர் பரப்புள்ள டேப்லெட் ஏ5 தாளைவிடச் சற்றுப் பெரியது. அதில் ஒரு சென்ரிமீற்றர் நகர்வு திரையில் ஒன்றேகால், ஒன்றரைக்குள் நிற்கும். மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் முழங்கையிலிருந்து கோடு இழுக்கவும் இடம் இருக்கும். மேசை சிறியது என்று சின்ன டேப்லெட் வாங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். வரையும் மென்பொருளின் சன்னலைச் சிறிதாக்கி, டேப்லெட் பரப்பு முழுவதையும் திரையின் அந்தப் பகுதிக்கு மட்டும் பொருத்திவிடலாம். டேப்லெட்டைக் கணினியோடு சேர்ந்து இயங்கவைக்கும் மென்பொருளான டிரைவரில் அதற்கு இடம் உண்டு.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கிரிட்டா இலவசம், ஓவியர்களுக்கென்றே செய்தது, இதில் நான் சொல்லும் எல்லாம் அதிலேயே செய்யலாம்.

வரைய முன் செய்யும் வேலை

பழைய டேப்லெட் ஒன்றின் டிரைவர் கணினியில் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இரண்டு நிறுவனங்களின் டிரைவர் சேர்ந்திருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போகலாம். புதியதைப் போட்டுவிட்டுக் கணினியை ஒருமுறை நிறுத்தித் திறக்க வேண்டும். அப்புறம் விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' என்ற பகுதிக்குப் போய், பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால் கோடு தொடங்கும் இடத்தில் ஒரு வளையம் தோன்றும், கோடு தாமதமாகவே வரும். கோடு வருகிறது, ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப மாறவில்லை என்றால், கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் 'வின்டாப்', 'விண்டோஸ் இங்க்' என்ற இரண்டில் இப்போது எது இருக்கிறதோ அதை விட்டு மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். பலருடைய பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடும்.

இனி முக்கியமான ஒன்று. டேப்லெட்டுகள் பெரும்பாலும் 16க்கு 10 என்ற விகிதத்தில் இருக்கும், லப்டொப் திரைகள் பல 16க்கு 9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்குப் பொருத்தினால் அகலம் ஒரு விதமாகவும் உயரம் வேறு விதமாகவும் நீளும். நீங்கள் கையால் சரியான வட்டம் போட்டாலும் திரையில் அது படுத்த முட்டையாக வரும். பிள்ளை தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும், குற்றம் அமைப்பில் இருக்கும். யோகட் கோப்பையைக் கவிழ்த்து டேப்லெட்டில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவை ஓட்டுங்கள். திரையில் வட்டம் வந்தால் சரி. முட்டை வந்தால் டிரைவரில் திரையின் விகிதத்துக்கு ஏற்பப் பரப்பை மாற்றும் வசதியைப் போடுங்கள். வாகொமில் அதன் பெயர் 'போர்ஸ் புரொபோர்ஷன்ஸ்'. 25.4 சென்ரிமீற்றர் அகலப் பரப்பில் கீழே ஒன்றரை சென்ரிமீற்றர் போல வீணாகும், அது பெரிய நட்டம் இல்லை. இந்தச் சோதனைக்கு ரின் மூடி, வெள்ளித் தம்ளர் போன்ற உலோகப் பொருள் கூடாது. பேனாவை டேப்லெட் மின்காந்தப் புலத்தால்தான் கண்டுபிடிக்கிறது, உலோகம் அதைக் குழப்பும்.

டேப்லெட்டைத் திரைக்கு நேரே, உங்கள் நெஞ்சுக்கு நேரே வையுங்கள். கொப்பியைச் சரித்து வைத்து வரைந்து பழகிய கை டேப்லெட்டையும் தானாகச் சரிக்கும். சரிந்தால் குறுக்குக்கோடு ஏறுகோடாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு குறுக்குக்கோடு இழுத்துப் பாருங்கள். திரையில் அது மேலேறினால் அல்லது கீழிறங்கினால், அது படுக்கையாக வரும்வரை டேப்லெட்டைத் திருப்புங்கள். பிறகு அந்த இடத்தை மேசையில் பென்சிலால் அடையாளம் போட்டுவிடுங்கள், அடுத்த நாளும் அதே இடத்தில் வைக்கலாம். கடதாசியைத் திருப்புவதற்குப் பதிலாகக் கிரிட்டாவில் 4, 6 என்ற எண் விசைகளால் படத்தைத் திருப்புங்கள். 5 ஐத் தட்டினால் நேராகிவிடும். லப்டொப்புக்குக் கீழே பழைய கடந்தகால வினாத்தாள் புத்தகங்கள் நாலைந்தை அடுக்கித் திரையை உயர்த்தினால் கழுத்து நோகாது.

அழுத்தம்

பென்சிலில் கருமை வேண்டுமென்றால் 2பி யை வைத்துவிட்டு 6பி எடுப்போம், அல்லது அழுத்துவோம். அழுத்திப் பழகியவர்கள் டேப்லெட்டிலும் அழுத்துவார்கள். கோடு முழுக்கத் தடிப்பாகவே வரும், முனை சீக்கிரம் தேயும், மாலையில் விரல் நோகும். மென்மையாக நிழல் போட்டுப் பழகியவர்களுக்கு நேர்மாறு: அவர்கள் தடவும்போது டேப்லெட்டுக்கு ஒன்றும் தெரியாது, கோடே வராது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் அழுத்தத்துக்கான வளைகோடு ஒன்று இருக்கிறது. அதன் நடுவை மேலே இழுத்தால் மெல்லிய தொடுகைக்கே கோடு கருக்கும். கீழே இழுத்தால் அதிகம் அழுத்தினால்தான் கருக்கும். மென்கைக்காரர் மேலே, அழுத்தக்காரர் கீழே. ஒரு பென்சில் தூரிகையை எடுத்து, மிக மெல்லியதிலிருந்து மிகக் கருமைவரை ஒரே பட்டையாக நிழல் போட்டுப் பார்த்துப் பார்த்து வளைகோட்டை மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு தாளில் உண்மையான பென்சிலாலும் அதே பட்டையைப் போடுங்கள். இரண்டும் ஒன்றுபோல ஏறி வந்தால் அதோடு விட்டுவிடுங்கள், மறுபடி மறுபடி தொடாதீர்கள். கருவி தினமும் மாறினால் கை எதைப் பழகும்?

கையை இறக்குதல்

மவுசை எடுத்து வேறிடத்தில் வைத்தால் திரையில் அம்பு நகராது. பேனா அப்படி இல்லை. டேப்லெட்டின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளி. இடது மேல் மூலையைத் தொட்டால் அம்பு இடது மேல் மூலைக்குத் தாவும். இந்த உறவு உடம்பில் ஊற வேண்டும். அதற்கு முதல் வாரம் மவுசைக் கழற்றி வைத்துவிட்டு, கோப்பு திறப்பது, பாட்டுப் போடுவது, செய்தி வாசிப்பது எல்லாவற்றையும் பேனாவால் செய்யுங்கள். வரைவது போல இல்லாவிட்டாலும் இதுவும் பயிற்சிதான்.

பிறகு புள்ளிகள். தூரத்தில் இரண்டு புள்ளி வைத்து இணையுங்கள். பேனா இருக்கும் இடத்தைப் பார்க்காமல் போய்ச்சேர வேண்டிய புள்ளியைப் பாருங்கள். தொடும் முன் பேனாவைச் சற்று மேலே பிடித்து, கோடு போகப்போகும் வழியில் காற்றிலேயே ஓரிரு தடவை ஓட்டிவிட்டு இறக்குங்கள். அரை சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்தாலும் திரையில் அம்பு நகர்வது தெரியும். கடதாசி தராத வசதி இது.

அடுத்ததாக எழுத்து. இதை நான் மிகவும் விரும்புகிறேன். இ, ஐ, ஞ, ழ, ஔ என்று பெரிதாக எழுதுங்கள். சின்ன வயதிலிருந்தே கையில் ஊறிய வடிவங்கள், அதே நேரம் வலமும் இடமும் சுழியும் வளைவுகள், உள்ளே திரும்பும் சுருள்கள், நிமிர்ந்த கோடுகள் எல்லாம் அவற்றில் உண்டு. 'இ' யின் சுழி கோணினால் உங்கள் கண்ணே உடனே பிடிக்கும், யாரும் திருத்தத் தேவையில்லை. ஒரு பக்கம் நிறைய எழுதுங்கள். அன்றைய சந்தைச் சாமான் பட்டியலைக்கூட அதிலேயே எழுதலாம்.

இந்தக் கட்டத்தில், கடைசியாகப் போட்டதை நீக்கும் கண்ட்ரோல் இசட் வேண்டாம். பிழைத்த கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். ஒரு கோட்டைப் பத்துத் தடவை அழித்துப் போட்டால் பதினோராவது தற்செயலாகச் சரிவரும். அப்படி வந்ததில் கை எதையும் கற்காது. கோட்டை நேராக்கித் தரும் ஸ்டெபிலைசரையும் இப்போதைக்குக் குறைவாகவே வைத்திருங்கள். அது அதிகமானால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும், பார்க்க வழுவழுப்பாக இருந்தாலும் உங்கள் கையின் குணம் போய்விடும். நீண்ட மைக்கோடு போடும் நாளில் கூட்டிக்கொள்ளலாம்.

கடதாசியையே மேலே ஒட்டுங்கள்

வழுக்குகிறது என்பதுதான் எல்லாருடைய முறைப்பாடும். பென்சிலுக்குத் தாள் தரும் பிடிமானம் பிளாஸ்டிக் பரப்பில் இல்லை. சாதாரண ஏ4 தாள் ஒன்றை டேப்லெட்டின் மேல் விரித்து நாலு ஓரமும் செலோட்டேப் ஒட்டுங்கள். பேனா மின்காந்தத்தால் வேலை செய்வதால் தாள் இடையில் இருப்பது அதற்குத் தடையே இல்லை. உரசும் சத்தம்கூடக் கேட்கும், கை உடனே வேகத்தைக் குறைத்து நிதானமாகும். முனை கொஞ்சம் விரைவாகத் தேயும், அதனால் பெட்டியோடு வரும் மாற்று முனைகளைப் பத்திரமாக வையுங்கள். சரிவாகத் தேய்ந்து விளிம்பு கூராகிவிட்டால் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டேப்லெட் பரப்பைக் கீறும்.

திருகோணமலையில் இந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளங்கை வேர்த்து டேப்லெட்டில் ஒட்டிக்கொள்ளும், கோடு நடுவில் நின்று நின்று போகும். தாள் வேர்வையை உறிஞ்சிவிடும். தாள் வேண்டாம் என்பவர்கள் பழைய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டிச் சுண்டுவிரலும் கையின் ஓரமும் மூடும்படி போட்டுக்கொள்ளலாம். கடையில் இரண்டு விரல் கையுறை என்று விற்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இதிலிருந்து இன்னொரு படி போகலாம். வெறும் தாளுக்குப் பதிலாக, நீங்கள் ஏற்கெனவே பென்சிலால் வரைந்த படத்தையே டேப்லெட்டில் வைத்து ஒட்டி, பேனாவால் அதன் மேல் கோடு பிடியுங்கள். கண் தாளைப் பார்க்கலாம், கோடு திரையில் சேரும். ஸ்கேனர் தேவையில்லை. கையையும் கண்ணையும் திடீரென்று பிரிக்காமல், தாளைப் பார்த்துக் கொஞ்சம், திரையைப் பார்த்துக் கொஞ்சம் என்று மெல்ல மெல்ல மாறலாம். வயதில் மூத்தவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் கொடுக்கிறேன், மிகவும் நிம்மதி அடைகிறார்கள்.

பென்சில் படத்திலிருந்து முழுப் படம்

கடற்கரைக்கு டேப்லெட்டைக் கொண்டுபோகாதீர்கள். மணலும் உப்புக்காற்றும் அதற்கு ஆகாது. வெளியே வரைவது கொப்பியிலேயே நடக்கட்டும். டச்சுக்குடாவில் உட்கார்ந்து சுவாமி மலையைப் பார்த்து வரைவதை எந்தத் திரையும் ஈடு செய்யாது, டேப்லெட் வாங்கியபின் அதைக் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில், உங்கள் நிழல் விழாமல், நேரே மேலிருந்து கைபேசியால் படம் எடுங்கள். சாய்த்து எடுத்தால் வள்ளத்தின் நீளமே மாறிவிடும்.

கிரிட்டாவில் புதிய பக்கம் திறக்கும்போது ஏ4, 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று கொடுத்தால் 2480 க்கு 3508 பிக்சல் வரும், அச்சுக்கு அது சரியான அளவு. பழைய லப்டொப் திணறினால் பயிற்சிக்கு 150 போதும். போட்டோவை உள்ளே கொண்டுவந்தால் அது ஒரு லேயராக, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள்போல இருக்கும்; அந்த லேயரின் தெளிவை ('ஒபாசிட்டி') 30 சதவீதம் அளவுக்குக் குறையுங்கள். மேலே புதிய லேயர் ஒன்று திறந்து அதில் கோடு வரையுங்கள். முடிந்ததும் கீழே உள்ள போட்டோவை மறைத்துவிடலாம். நிறத்துக்கு இன்னொரு லேயர், கோட்டு லேயருக்குக் கீழே. பென்சில் கோடுகளின் அழகை அப்படியே வைத்திருக்க விரும்பினால், மைக்கோடு போடாமல், போட்டோ லேயரின் தெளிவை மறுபடி முழுதாக்கி, அதை 'மல்டிபிளை' முறைக்கு மாற்றிக் கீழே நிறம் தீட்டுங்கள். தாளின் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிறத்தின் மேல் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. மூன்று நான்கு லேயருக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம், எதில் வரைகிறோம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

பெரிதாக்கிப் பார்க்கும் ஆசைக்கும் ஒரு எல்லை போடுங்கள். வள்ளத்தின் கயிற்று முடிச்சை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒரு மணிநேரம் வரைந்தாலும் அச்சில் அது ஒரு புள்ளி. கடதாசியில் முழுப்பக்கமும் எப்போதும் கண்ணில் இருந்தது, அதனால் அமைப்பு கெடவில்லை. கிரிட்டாவில் 'ஓவர்வியூ' என்ற சிறு பெட்டியைத் திறந்து வைத்தால் முழுப்படமும் ஓரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். கடதாசியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பிழை பார்ப்போமே, அதற்கு இங்கே ஆங்கில 'எம்' (M) விசை. தட்டியதும் படம் இடம் வலமாகும். மானின் ஒரு கண் மேலே ஏறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இடது கை சும்மா இருக்கக்கூடாது. அழிப்பதற்கு ஆங்கில 'ஈ' (E) விசை, தூரிகையைப் பெரிதாக்கச் சிறிதாக்கச் சதுர அடைப்புக்குறி விசைகள், சேமிக்கக் கண்ட்ரோல் எஸ். முதலில் இவ்வளவு போதும். சேமிப்பதை மட்டும் மூச்சு விடுவதுபோல் அடிக்கடி செய்யுங்கள். மாரி மழைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பற்றரி பழசான லப்டொப் அதோடு நின்றுவிடும். கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் பழைய கோப்பை விட்டுவிட்டுப் புதிய எண்ணோடு இன்னொரு பிரதி சேமிக்கும்.

வேலை முடிந்ததும் டேப்லெட்டை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்தபின் உறையில் போடுங்கள். பேனாவை முனை கீழே இருக்கும்படி கோப்பையில் குத்தி வைக்க வேண்டாம். முனையில் பாரம் தங்கினால் உள்ளே அழுத்தத்தை உணரும் பகுதி பழுதாகும். படுக்க வையுங்கள்.

படம் அச்சுக்குப் போகிறதென்றால் கடைசியாக ஒன்று. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். நிலாவெளிக் கடலின் அந்தப் பளிச்சென்ற நீலப்பச்சையைத் திரையில் கொண்டுவரலாம், நான்கு மை அச்சில் அது மங்கித்தான் விழும். அச்சுக்கடைக்கு முழு வேலையையும் கொடுக்கும் முன் ஒரு பிரதி மட்டும் அடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, கடலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.